புதன்கிழமைப் பயணங்கள்

வாரத்தில் எது விடுமுறை நாள் என்று யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் நான் புதன்கிழமை என்றுதான் சொல்வேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் வயதுக்காரர்களான நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். எழுபதுகளில் கரண்ட் பற்றாக்குறை வந்தபோது, எல்லாப் பட்டறைகளும் ஒரே நாளில் மூடாதீர்கள், ஆளுக்கொரு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களே, நினைவிருக்கிறதா? கும்மிடிப்பூண்டியில் அப்பா வேலை பார்த்த வார்ப்படப் பட்டறைக்கு வாய்த்தது புதன். ஊரே ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கறிச்சோறு சாப்பிடும்போது அப்பா டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற புதன்கிழமையில் அவர் தனியாக உட்கார்ந்து, நன்றாகப் பாடிக்கொண்டிருக்கிற ரேடியோவைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார்.

அதனால் எங்கள் குடும்பம் முழுதாக ஒரு பகல் சேர்ந்து இருப்பது கோடை லீவில் மட்டும்தான். எனக்குப் பத்து வயதான கோடையில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். "இந்த லீவுல ஒரு பொதங்கெழமகூட ஊட்ல குந்தினு இருக்கக் கூடாது. காலையில கெளம்பணும், வெளக்கு வைக்கறதுக்குள்ள ஊடு வந்து சேரணும்."

அப்பா ரேடியோவிலிருந்து தலையைத் தூக்கி, "எதுல? பல்லக்குலயா?" என்றார்.

"பாசஞ்சர் வண்டியில," என்றாள் அம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அம்மா ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பிள்ளைகுட்டிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டுப் பத்திரமாகத் திரும்புகிற வித்தையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு நாள் பயணத்துக்குக் கைப்பேசியை மூன்று நாள் தேய்க்கிற என் மருமகளிடம் இதை அடிக்கடி சொல்லி, அவள் முகம் சுளிப்பதை ரசிப்பது என் வழக்கம். அம்மாவின் கையில் இருந்தது நான், ஆறு வயதுத் தம்பி, எட்டு மாதக் கைக்குழந்தை, சிக்கனத்துக்குப் பேர்போன அப்பா. வைத்திருந்த சட்டங்களோ கறாரானவை. வெளியில் வாங்கித் தின்பது கிடையாது. காசு கொடுத்து வேடிக்கை பார்க்கிற இடம் கிடையாது. தம்பியின் வயிறு தாங்குகிற தூரத்துக்கு மேல் பஸ் கிடையாது. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது. நடுத்தூக்கத்தில் எழுப்பிவிட்டால் கைக்குழந்தை அன்று பொழுதுக்கும் கத்துவான், அம்மா எல்லோர்மேலும் எரிந்து விழுவாள், அப்பா வாயை மூடிக்கொள்வார், பயணம் அத்தோடு நாசம். எனவே அவன் தூங்கினால் ரயிலானாலும் தேரானாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

சாமான்கள் இரண்டுதான். மைதா மாவு மூட்டைத் துணியில் தைத்த பெரிய பை ஒன்று. அதில் வாழை இலையில் கட்டிய புளிச்சோறு, வறுத்த வேர்க்கடலை, குழந்தைக்கு ஆறு துணி, தம்பிக்கு மாற்று நிஜார். இன்னொன்று கூஜா. உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும், திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜா. எங்களுடையது அம்மாவின் கல்யாணச் சீர். மூடிக்குள்ளேயே ஒரு சின்ன தம்ளர் உட்கார்ந்திருக்கும். அதில் குடித்த தண்ணீரின் பித்தளை வாசனையை இப்போதும் என்னால் சொல்ல முடியும். அதைத் தூக்கி வருவது என் பொறுப்பு, பெருமையும் கூட.

முதல் புதன் பொன்னேரிக்குப் போனோம். ஆரணி ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மணல்தான். அப்பா கையாலேயே ஊற்று தோண்டினார். தண்ணீர் கலங்கலாக வந்து மெல்லத் தெளிந்தபோது, பட்டறையில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுகிற மனிதர் சின்னப் பையனைப்போலக் கைகொட்டினார். அப்பாவுக்கு அப்படி ஒரு முகம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டாவது பயணத்துக்கு அமாவாசையும் புதனும் சேர்ந்து வந்தன. திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பில் உள்ள கட்டி, மரு எல்லாம் கரையும் என்பார்கள். அப்பாவின் முதுகில் ஒரு மரு இருந்தது. பஸ்ஸில் போகும் வழியிலேயே தம்பி பைக்குள் கைவிட்டு வெல்லத்தில் பாதியைக் கரைத்துவிட்டான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரின் வெள்ளை வேட்டியில் அதைத் திருப்பிக் கொடுத்தான். மிச்ச வெல்லத்தை அம்மா வேண்டிக்கொண்டு குளத்தில் போட்டாள். மரு பாதிதான் போகும் என்று அப்பா கடைசிவரை கேலி பேசினார். பஸ் தூரம் பற்றிய சட்டம் அன்றைக்கு வந்ததுதான்.

கடைசிப் புதனுக்கு மெட்ராஸ் என்று அம்மா முதலிலேயே முடிவு செய்திருந்தாள். மிருகக்காட்சிசாலை, கடற்கரை. காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பதில்லை என்ற சட்டத்துக்கு அந்த ஒரு நாள் விலக்கு. நான் அதுவரை மெட்ராஸ் பார்த்ததில்லை. வண்டியில் எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் முதலில் சென்ட்ரல் தெரியும் என்றுகூட விசாரித்து வைத்திருந்தேன். அதற்கு நடுவில் வந்ததுதான் ஏரிப் பயணம்.

அப்பாவின் பட்டறையில் உலை பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம் அவருக்குச் சொந்த ஊர். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் எங்கள் பயணப் பேச்சைக் கேட்டுவிட்டு, "எங்க அண்ணன்கிட்ட படகு கீது அண்ணி. குந்தினு போய் பறவைங்கள பார்த்துட்டு வர்லாம். டப்பு கிப்புன்னு ஒண்ணும் பேசாதீங்க, அண்ணனுக்குக் கோவம் வரும்," என்றார். விடுமுறை நாளில்தான் உலைக்குள் பூச்சு வேலை நடக்கும் என்பதால் அவரால் வர முடியாது. சிமெண்ட் காகிதத்தில் கரிக்கட்டியால் வழி வரைந்து கொடுத்தார். இலவசப் படகு என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அடுத்த புதனே என்று சொல்லி அனுப்பினாள். எந்தப் புதன் தோதுப்படும் என்று அவள் கேட்கவில்லை. அவர்களுக்கும் ஒரு தோது இருக்கும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ், பிறகு வெயிலில் நடை. குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்துக்குக் கிட்ட. கரையில் ஒரு படகு, அதில் வலை குவிந்து கிடந்தது. பக்கத்தில் நின்றிருந்த படகுக்காரர் எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "வாங்க, வாங்க. தம்பி சொல்லி அனுப்பிச்சிது," என்று வலையை அள்ளிக் கரையில் போட ஆரம்பித்தார். நாங்கள் உட்கார இடம் வேண்டுமே. அவர் மனைவி குடிசை வாசலில் நின்று அந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதோ மெதுவாகக் கேட்க, படகுக்காரர், "கைக்கொழந்தைய தூக்கினு வெயில்ல வந்துட்டாங்க. இன்னா பண்ண சொல்ற? சட்டுனு போய்ட்டு வந்துட்றேன்," என்றது என் காதில் விழுந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

புரிய வைத்தது அவர்களுடைய பெண். என் வயதுதான். படகில் சேரும் தண்ணீரை ஒரு தகர டப்பாவால் இறைத்து ஊற்ற அவளும் வந்தாள். நீளமான கழியை ஊன்றி அவள் அப்பா படகைத் தள்ளினார். ஏரி முழங்கால் ஆழம்தான், அடியில் பாசி தெரிந்தது. உப்பும் சேறும் கலந்த ஒரு வாசனை. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கூஜாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி எங்க பாடு, தெரியுமா?" என்றாள்.

"பாடுன்னா?"

அவள் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஓடாது, சில இடங்களில்தான் ஓடும். எல்லோரும் அங்கேயே போனால் அடிதடிதான். அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் ஒரு வீட்டுக்கு. அந்த முறைக்குப் பாடு என்று பேர். "எங்களுக்கு இன்னிக்கி. வுட்டா மூணு வாரம் ஆவும் மறுபடி வர. இப்ப எறா ஓடுது. உச்சிப்பொழுதுக்குள்ள வலைய கட்டலன்னா அடுத்த ஊட்டுக்காரங்க பூந்துடுவாங்க."

"அப்ப இன்னாத்துக்கு எங்கள இட்டுனு வந்தீங்க?"

"நைனாதான் அதுக்குள்ள திரும்பிட்லாம்னுச்சு," என்றாள். அவளுக்கும் பறவைகளைப் பார்க்க ஆசை இருந்திருக்க வேண்டும். தண்ணீர் இறைக்கிற வேகத்தில் ஒரு கவலையும் இல்லை.

ஏரி நடுவில் ஒரு மணல் திட்டில் இறங்கினோம். அதற்கு அப்பால் தண்ணீரில் பூநாரைகள், வெள்ளை வெள்ளையாக, நூறு இருநூறு. வெயில் ஏறியதால் முக்கால்வாசி போய்விட்டன, இது மிச்சம் என்றார் படகுக்காரர். அந்த மிச்சமே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. தம்பி வாயைப் பிளந்தவன் மூடவில்லை. அவை பறந்தால் சிறகுக்கு அடியில் ரத்தச் சிவப்பாக இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். பறக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அம்மா படகில் கிடந்த நாலு கழியை நட்டுத் தன் பழைய சேலையைக் கட்டி நிழல் பண்ணி, குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அவன் தூங்கிப்போனான்.

படகுக்காரர் சூரியனைப் பார்த்தார். "போலாமா தங்கச்சி?"

"இப்பதான் அண்ணே தூங்கினான். ஒரு அரை மணி நேரம். நடுவுல எழுப்பினா ஒரே பேஜாரு."

"சரிம்மா. கொழந்த தூங்கட்டும்," என்றார் அவர். அந்தக் குரலில் ஒரு சலிப்பும் இல்லை. அப்படி ஒரு மரியாதைக்காரர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இப்போது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. விருந்தாளியிடம் அவள் சொல்லக் கூடாது, அவள் அப்பா சொல்லமாட்டார். நான் சொல்லலாம். அம்மா, இன்று அவர்கள் முறை, போகலாம் என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை என் தொண்டை வரை வந்தது என்று பொய் சொல்லமாட்டேன். வரவே இல்லை. பறவைகள் இன்னும் பறக்கவில்லை, அதைப் பார்க்காமல் நான் நகரப் போவதில்லை, அவ்வளவுதான். இவ்வளவு வயதாகியும் அந்த இடம் நினைவுக்கு வரும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அரை மணி ஒரு மணியாகி, அதற்கு மேலும் ஆனது. தூரத்தில் ஒரு படகு வலையோடு போனது. அதில் நின்றிருந்தவர் எங்கள் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கி என்னவோ கேட்டார். படகுக்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்து, போ போ என்று ஆட்டினார்.

"யாருண்ணே அது?" என்று கேட்டாள் அம்மா.

"பக்கத்து ஊட்டுக்காரன்மா."

அம்மாவும் எழுந்து நின்று சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். அந்தப் பெண் தகர டப்பாவால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பறவைகள் கூட்டமாக எழுந்தன. சிறகுக்கு அடியில் அவள் சொன்ன சிவப்பு இருந்தது. பார்த்தேன். வாழ்நாளில் பார்த்த அழகான காட்சிகளில் ஒன்று. அதைச் சந்தோஷத்தோடு என்னால் இன்றுவரை நினைக்க முடிந்ததில்லை.

கரைக்கு வந்ததும் படகுக்காரரின் மனைவி எங்களுக்குச் சோறு போட்டார். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தொடவே விடவில்லை. மீன் குழம்பு, வறுத்த மீன். பேச்சு மட்டும் இல்லை. குழம்பை ஊற்றுவதும் வாசல் வழியே ஏரியைப் பார்ப்பதுமாக இருந்தார். திரும்பும் பஸ்ஸில் அம்மா தீர்ப்பு வழங்கினாள். "அண்ணன் தங்கமான மனுசன். அந்தம்மாதான் மூஞ்சிய தூக்கி வச்சிகினு. நாலு பேரு ஊட்டுக்கு வந்துட்டா இப்டியா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொன்னேரி ஸ்டேஷனில் தம்பி தண்ணீர் கேட்டபோதுதான் கூஜா இல்லை என்பது தெரிந்தது. படகிலேயே விட்டுவிட்டேன். அம்மா தம்பியைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

கூஜா போன துக்கத்தையும் மீறி, செலவே இல்லாத பயணத்தைப் பற்றி அம்மா தெருக் குழாயடியில் ஒரு வாரம் பேசினாள். "படகு, சாப்பாடு, பறவை, எல்லாம் சும்மா. ரயிலு பஸ்ஸுக்குக் குடுத்ததோட சரி." பக்கத்தில் நிற்கிற நான் ஒவ்வொரு முறையும் குனிந்து, கழுவின குடத்தையே மறுபடி கழுவுவேன்.

அடுத்த வாரம் ஒரு மாலையில் உலைக்கார மாமா கூஜாவோடு வந்தார். புளி போட்டுத் தேய்த்து, எங்கள் வீட்டில் ஒரு நாளும் பளபளக்காத அளவுக்கு அது பளபளத்தது. அம்மா மூடியைத் திருகித் திறந்தாள். வாசனை வீடு முழுக்கப் பரவியது. கழுத்து வரை காய்ந்த இறால். "எங்க அண்ணன் சம்சாரம் குடுத்தாங்க. வெறும் ஏனமா அனுப்பக் கூடாதுன்னு," என்றார் மாமா. டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "பார்த்தியா? மூஞ்சி அப்டி வச்சிருந்தாலும் மனசு நல்ல மனசு."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அன்னிக்கி அவங்க பாடும்மா," என்றேன். பாடு என்றால் என்ன, உச்சிப்பொழுது என்றால் என்ன, துண்டை ஆட்டியது எதற்கு, எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லி முடிப்பதற்குள் மூக்கு ஒழுகிவிட்டது. அப்பா ரேடியோவை நிறுத்தினார்.

அம்மா கூஜாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "நா கைய ஆட்டினேனே," என்றாள். பிறகு என்னிடம், "உனக்கு அங்கியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"பறவைங்க பறக்கல."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா இறாலைத் தட்டில் கொட்டி, கூஜாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். 

மறுநாள் அப்பா ஒரு மூட்டை அரிசி வாங்கி மாமாவிடம் கொடுத்து அனுப்பப் பார்த்தார். மாமா தொடவில்லை. "உங்க கொழந்தை தூங்கினதுக்கு அரிசி வாங்கினேன்னு தெரிஞ்சா எங்க அண்ணன் என்னிய ஊட்டுல சேர்க்கமாட்டாரு. உட்டுடுங்க," என்றார். அப்பா மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து மூலையில் போட்டார்.

இரண்டு நாள் அம்மா யோசித்தாள். மூன்றாம் நாள் அவளுடைய பழைய குரல் திரும்பிவிட்டது. திட்டம் போடும்போது வருகிற குரல். "அரிசியும் வேணாம், காசும் வேணாம். அவங்க நம்மளுக்கு ஒரு நாள குடுத்தாங்க. நாமளும் ஒரு நாள குடுக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை, புள்ளைங்கள இட்டுனு ஊர் சுத்தறது. அந்தம்மாவையும் புள்ளைங்களையும் மெட்ராசுக்கு நா இட்டுனு போறேன்."

"அவ்ளோ பேருக்கு டிக்கெட்டுக்கு ஏது காசு?" என்றார் அப்பா.

"நீங்க வரல," என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்தாள். "உன் எடத்துல அந்தப் பொண்ணு வரட்டும். இன்னா சொல்ற?"

கேள்வி மாதிரிதான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா கேட்கிற கேள்விகளுக்கு ஒரு பதில்தான் உண்டு. சரி என்றேன். சொல்லிவிட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அந்தப் பெண்ணையும் அம்மாவையும் பூநாரைகளையும் மனசாரத் திட்டினேன். நல்ல பிள்ளையாக விட்டுக்கொடுத்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். நடந்தது இதுதான்.

இந்த முறை அம்மா முதலில் செய்த வேலை, அவர்களுடைய பாடு எந்தெந்த நாளில் வருகிறது என்று மாமா மூலம் விசாரித்தது. அதைத் தள்ளி, குப்பத்தில் திருவிழா நாளைத் தள்ளி, வரச் சம்மதமா என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் புதன்கிழமையைக் குறித்தாள். மிருகக்காட்சிசாலை மட்டும் போதும், கடற்கரை வேண்டாம் என்றும் முடிவு செய்தாள். "பொறந்ததுலேந்து கடலையும் ஏரியையும் பார்த்துகினு கீறவங்களுக்கு பீச்சு எதுக்கு? சீக்கிரமா அஞ்சு மணி வண்டிக்கே ஏத்திட்லாம்." கேட்பதற்கு எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள்.

அந்தப் புதன் காலையில் அம்மா, தம்பி, கைக்குழந்தை மூவரும் கும்மிடிப்பூண்டியில் ஏறினார்கள். படகுக்காரரின் மனைவியும் அந்தப் பெண்ணும் அவளுடைய தங்கையும் பொன்னேரியில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. கூஜாவை நான் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். நான் விசாரித்து வைத்திருந்த ஜன்னல்தான். வண்டி கிளம்பியதும் கண்ணில் கரித்தூள் விழுந்தது என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா நம்பியதுபோல நடந்துகொண்டார். வீட்டுக்கு வந்து அரிசி மூட்டையைப் பிரித்து அவரே சோறு வடித்தார். குழைந்துவிட்டது. ரேடியோவை எனக்குக் கழற்றிக் காட்டினார். அப்பாவோடு தனியாக நான் இருந்த ஒரே பகல் அது. அதன் அருமை அன்று தெரியவில்லை.

சாயங்காலம் வண்டி வருகிற நேரத்துக்கு இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா சொன்ன வண்டி வந்தது. அதிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள். எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் இறங்கவில்லை. அப்பா கடைசிப் பெட்டி வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா வண்டியைத் தவறவிட்டவள் இல்லை. எந்தப் பயணத்திலும் வண்டிக்கு அரை மணி முன்னால் எங்களை பிளாட்பாரத்தில் அடுக்கி வைத்துவிடுவாள். குழந்தை காணாமல் போயிருக்குமோ, யாருக்காவது அடிபட்டிருக்குமோ என்று பயந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் திட்டியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சாமிக்கு மனு போட்டேன். அப்பா பெஞ்சில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார்.

அடுத்த வண்டி விளக்கு வைத்த பிறகு வந்தது. அம்மா இறங்கினாள், தோளில் குழந்தை, கையில் தம்பி. தம்பி இறங்கும்போதே புலியைப் பற்றி ஆரம்பித்துவிட்டான். அப்பா கோபத்தில் பையை வெடுக்கென்று வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். நான்தான் கேட்டேன். "ஏம்மா அஞ்சு மணி வண்டிக்கு வரல?"

அம்மா கூஜாவை என் கையில் கொடுத்தாள். நடக்க ஆரம்பித்த பிறகுதான் சொன்னாள். மிருகக்காட்சிசாலை முடிந்ததும் அந்த அம்மாளே தயங்கித் தயங்கி, பீச்சு பீச்சுன்னு சொல்றாங்களே, அத ஒரு தபா பார்த்துட்டுப் போலாமா என்று கேட்டாராம். போனார்கள். பிள்ளைகள் அலையில் ஆட, அந்த அம்மாள் கொஞ்ச நேரம் நின்றபடி பார்த்துவிட்டு, "இத்தினி ஜனம் கரையில சும்மா குந்தினு கீதே, வலை எங்க?" என்றாராம். பிறகு அவரும் மணலில் உட்கார்ந்தாராம். பொறந்ததுலேந்து தண்ணி ஓரமாத்தான் கீறேன், மீன் வருமா, படகு வருமான்னு பார்க்காம இப்டி குந்தினதே இல்லம்மா என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பேசவே இல்லையாம். ஏரிக்கரையில் சோறு போட்டபோது வாசல் பக்கம் பார்த்த அதே முகம்தான், ஆனால் அதில் ஒரு கவலையும் இல்லை என்றாள் அம்மா.

"சரி, வண்டிக்கு நேரமாச்சுன்னு சொல்ல வேண்டிதுதானே?" என்றார் அப்பா. "அஞ்சு மணி வண்டின்னா பொன்னேரில பஸ்ஸு ஈசி. இப்ப அவங்க கடைசி பஸ்ஸ புடிச்சாங்களா இல்லியா?"

"புடிச்சிருப்பாங்க. அண்ணனே பொன்னேரிக்கு வந்து நின்னுகினு இருந்தாரு."

"இருந்தாலும், ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா தோளில் தூங்குகிற குழந்தையைச் சரி செய்துகொண்டாள்.

"சொல்லப் போனேன். பக்கத்துல போய் நின்னேன்," என்றாள். "எழுப்ப மனசு வரல."